முதலில் கை, பிறகு கால்

“அம்மா, என் காலுக்கு எப்பம்மா சூடு தெரியும்?”

என் மகள் இதைக் கேட்கத் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அவளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. மேல் முன்பற்கள் இரண்டும் விழுந்து, அதில் ஒன்று பாதி முளைத்து நிற்கிறது. அந்தச் சந்து வழியாகக் காற்றுப் போகப் போக அவள் பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வராது. பதில் தெரியாமல் இல்லை. ஒருநாளும் தெரியப்போவதில்லை என்பதுதான் பதில். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் என்னிடம் விடை இல்லை. ஒவ்வொரு முறையும் சாப்பிடச் சொல்வேன், தலை வார வரச் சொல்வேன், எதையாவது சொல்லி அந்த நேரத்தைக் கடத்திவிடுவேன்.

அவள் பிறந்தபோது முதுகின் அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. தண்டுவடம் சரியாக மூடாமல் சில குழந்தைகள் பிறப்பார்கள் என்று புதுச்சேரி மருத்துவமனையில் சொன்னார்கள். பிறந்த சில நாட்களிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது. தவழ்ந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மற்ற பிள்ளைகளைவிடத் தாமதமாக நடந்தாள். இப்போது ஓடவும் செய்கிறாள். இடது கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். வேறு சில சிரமங்களும் உண்டு. பெரியவளாகி இதைப் படித்தால் சங்கடப்படுவாள் என்பதால் அவற்றை எழுதவில்லை. கணுக்காலுக்குக் கீழே இரண்டு பாதங்களிலும் அவளுக்கு வலி தெரியாது, சூடு தெரியாது, குளிரும் தெரியாது. நான் எழுத வந்தது அதைப் பற்றி மட்டும்தான்.

நான் இயற்பியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன் பண்ருட்டியில் ஒரு சின்னப் பள்ளியில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தேன். வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, திடப்பொருளில் ஒன்று, திரவத்தில் ஒன்று என்று உதாரணம் கேட்பேன். பிள்ளைகள் கரண்டி என்பார்கள், கொதிக்கும் தண்ணீர் என்பார்கள். மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அதற்குமேல் அதில் யோசிக்க ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. மகள் நடக்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸ் முழுக்க அந்தப் பாடம் பரவிக் கிடப்பது தெரிந்தது.

மாடித் தொட்டியிலிருந்து வரும் இரும்புக் குழாய் எங்கள் வீட்டின் மேற்குச் சுவரில் வெளிப்புறமாக இறங்குகிறது. வெயில் காலத்து மதியத்தில் பின்பக்கக் குழாயைத் திறந்தால் முதலில் வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. குழாய்க்குள் நின்றபடியே காய்ந்த தண்ணீர் அது. அது போன பிறகு வருவது வெதுவெதுப்பாக இருக்கும். டவுன்ஷிப்பில் இது எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. சுட்டதும் கால் தானாகப் பின்னால் போய்விடும். விளையாடிவிட்டு வந்து மண் காலை நேரே குழாயடியில் நீட்டும் என் மகளுக்குக் கால் பின்னால் போகாது. ஆகவே நான் முந்திக்கொண்டு ஓடிப்போய்க் குழாயைத் திறந்து முதல் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுவேன். பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, தண்ணி சும்மா வருதுன்னு இப்படியா கொட்டறது என்று கேட்டார். நான் குழாயில் துரு வருகிறது என்று சொன்னேன்.

குளிக்க வாளியில் ஹீட்டர் ராடு போடுவோம். கம்பிச் சுருள் வாளியின் பாதி ஆழம்தான் இறங்கும். அதைச் சுற்றியும் அதற்கு மேலும் உள்ள தண்ணீர் ஆவி பறக்கும்போது, அடியில் உள்ளது குழாயில் பிடித்தபடியே கிடக்கும். சூடான நீர் இலேசு, மேலேயே நிற்கும், கீழே இறங்காது. விரலை ஆழமாக விட்டுப் பார்த்தால் ஒரு சூடு, மேலே அள்ளினால் வேறு சூடு. கலக்கி, மறுபடியும் கலக்கி, முழங்கை வரை விட்டுப் பார்த்து, அப்புறமும் சந்தேகப்பட்டு இன்னொரு முறை கலக்குவேன். அதற்குள் தண்ணீர் ஆறிப்போய்விடும். “இப்ப இது குளிக்கற தண்ணியா, குடிக்கற தண்ணியா?” என்று அவள் அப்பா கேட்பார்.

அவர் சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். பழுப்பு நிலக்கரியைக் கொட்டி வைக்கும் யார்டில் சில மாதம் அவருக்கு டூட்டி போட்டிருந்தார்கள். அந்தக் குவியல் யாரும் கொளுத்தாமலே உள்ளுக்குள் சூடேறித் தீப்பிடிக்கும் என்றும், மேலே கையை வைத்தால் ஒன்றும் தெரியாது என்றும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மகளுக்கு மூன்று வயதில், புதுச்சேரியில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் இரக்கப்பட்டு, குழந்தையைத் தூக்கி முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவின் அருகில் உட்கார வைத்தார். எனக்கு நான்கைந்து வரிசை பின்னால் இடம் கிடைத்தது. அந்த அம்மா மகளுக்குக் கடலை உருண்டை கொடுத்தார், தலையைத் தடவினார். நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, இன்ஜின் மூடியில் காலை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். அந்த மூடியின் மேல் தடித்த ரெக்ஸின் போட்டிருந்தது. தொட்டால் சுடாது, இதமாக இருக்கும். பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு ஒரு கட்டத்தில் அந்த இதம் பொறுக்கவில்லை போலும், தன் காலை நகர்த்தி வைத்தார். அவர் நகர்த்தியது அவருக்கே தெரிந்திருக்காது. நெய்வேலி வரும்வரை என் மகளின் கால் அங்கேயே இருந்தது.

மறுநாள் காலையில் குதிகாலில் கொப்புளம். அது உடைந்து புண்ணாகி, ஆறுவதும் மறுபடி கிளம்புவதுமாக ஒரு மழைக்காலம் முழுக்க இழுத்தது. கொதிக்கிற சூடு வேண்டியதில்லை, மிதமான சூடு நெடுநேரம் பட்டாலே தோல் வெந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். பாடப்புத்தகத்தில் அளவும் வெப்பநிலையும்தான் இருந்தன. நேரம் என்று ஒன்று இருப்பதை நான் அந்தக் குதிகாலில் படித்தேன்.

அவள் அப்பா அதன்பிறகு கடைத்தெருவுக்குப் போய், குழந்தைக்கு சேஃப்டி ஷூ இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். சுரங்கத்தில் போடும் தடித்த அடிப்பாகம் கொண்ட ஷூ. கடைக்காரர், “பாப்பாவுக்கு எந்த ஷிஃப்டுங்க?” என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். நான் அவர் பின்னால் போகவில்லை.

அப்போதுதான் மகளுக்கு ஒரு விதி வைத்தேன். முதலில் கை, பிறகு கால். எங்கே கால் வைப்பதானாலும் குனிந்து கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இது சொல்வதற்குச் சுலபம். ஆனால் கையும் முழுதாக நம்பக்கூடியது இல்லை. வாசல் இரும்புக் கேட்டும் அதன் பக்கத்து மர பெஞ்சும் ஒரே வெயிலில் நின்றாலும், கேட் சுடும், பெஞ்ச் அவ்வளவாகச் சுடாது. இரும்பு தன்னிடம் உள்ள வெப்பத்தைச் சட்டென்று கைக்குத் தள்ளிவிடுகிறது, மரம் மெதுவாகத்தான் தருகிறது. கை அறிவது பொருளின் சூட்டை மட்டும் அல்ல, அந்தச் சூடு நமக்குள் வருகிற வேகத்தையும்தான். பஸ்ஸின் ரெக்ஸினும் அந்த மாதிரிதான் ஏமாற்றியது. ஆகவே தொட்டவுடன் எடுக்கக்கூடாது, கையை வைத்து ஐந்து வரை எண்ண வேண்டும் என்றேன். சூடா இல்லையா என்று குழம்பினால் அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துப் பார், கன்னத்தைவிடச் சுட்டால் கால் வைக்காதே என்றும் சொன்னேன். இந்தக் கடைசி விதி சரியா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். ஆனால் அவளுக்கு அதுதான் மிகவும் பிடித்துப்போனது.

பார்க்கில் சறுக்குமரத்தின் தகட்டைத் தொட்டுக் கன்னத்தில் வைப்பாள். வகுப்பு வாசலைத் தொட்டுக் கன்னத்தில் வைப்பாள். துவைக்கிற கல், மொட்டை மாடிப் படி, ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடம், எல்லாவற்றையும். ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விழும் வெயில் மெதுவாக நகர்ந்து அவள் விளையாடும் இடத்துக்கு வந்தால், நான் சொல்லாமலே கையை வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்காருவாள். குழந்தை ஒன்றைச் சரியாகக் கற்றுக்கொண்டதைப் பார்த்தால் தாய்க்குச் சந்தோஷம் வர வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வேலை பார்ப்பேன்.

டாக்டர் சில மாதங்களுக்கு ஒருமுறை அவளைப் பரிசோதிப்பார். கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒரு முறை பஞ்சை வைப்பார், ஒரு முறை ஊசி முனையை வைப்பார், ஒரு முறை குளிர்ந்த கம்பியை வைப்பார். தெரியுதா, தெரியுதா என்று கேட்பார். சிறியவளாக இருந்தபோது தலையை ஆட்டி இல்லை என்பாள். பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு கொஞ்சமாகக் கண்ணைத் திறந்து பார்த்து, “தெரியுது” என்று சொல்ல ஆரம்பித்தாள். டாக்டர் கோபப்படவில்லை. சின்னத் துண்டு ஒன்றை எடுத்து அவள் கண்ணை மூடிவிட்டுத் திரும்பக் கேட்டார். அவள் ஊசிக்குப் பஞ்சு என்றாள், ஒன்றும் வைக்காதபோது தெரியுது என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் என் மடியில் சாய்ந்துகொண்டு, “அடுத்த தடவ பாஸ் ஆயிடுவனா?” என்று கேட்டாள்.

அது பரீட்சை இல்லை என்று சொன்னேன். பின்னே என்ன என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே எதையோ காட்டினேன்.

என் கணவர் குடும்பத்தில் இந்த விஷயம் தெரிந்தது மிகச் சிலருக்குத்தான். கணவரின் அக்கா, அதாவது என் நாத்தனார், முத்தாண்டிக்குப்பத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அறுவை சிகிச்சையின்போது ஆஸ்பத்திரியில் என்னோடு தங்கி எல்லாம் செய்தவர் அவர்தான். வீடு திரும்பும் அன்றைக்கு என்னிடம், “பொட்டப் புள்ளம்மா. நாளைக்கு ஒரு எடத்துல குடுக்கணும். ஊருக்குள்ள தெரிய வேணாம்” என்றார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. மறுக்கவும் தெரியவில்லை. அவர் பயந்த பயம் வேறு, நான் பயந்த பயம் வேறு. இரண்டுக்கும் வாயை மூடிக்கொள்வது வசதியாக இருந்தது.

போன கோடையில் அவர்கள் ஊர் அம்மன் கோயிலில் தீமிதி. முதல் நாளே போயிருந்தோம். மகளின் அப்பாவுக்கு ஷிஃப்ட் இருந்ததால் நானும் மகளும் மட்டும். மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனபோது, வாசலில் செருப்பைக் கழற்றும் இடத்திலிருந்தே மகள் தன் வேலையை ஆரம்பித்துவிட்டாள். காலையிலேயே வெயில் ஏறிவிட்டிருந்தது. கருங்கல் படி ஒவ்வொன்றையும் குனிந்து தொட்டாள். கையை வைத்து உதட்டுக்குள்ளே எண்ணினாள். பிறகு அந்தக் கையைக் கன்னத்தில் வைத்தாள். அதன்பிறகே கால்.

பந்தலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

“யாரு வூட்டுப் பொண்ணு இது? ஒவ்வொரு படியா தொட்டுக் கும்புட்டுகினு வருது பாரேன். வாயில மந்திரம் வேற.”

“எங்க தம்பி பொண்ணுதான். டவுன்ஷிப்புல இருக்காங்க” என்றார் நாத்தனார். குரலில் பெருமை இருந்தது. அவருக்கு அந்த நேரத்தில் உண்மையாகவே பெருமையாக இருந்திருக்க வேண்டும்.

“டவுன்ஷிப்பு புள்ளைக்கு இவ்ளோ பக்தியா? எம்மொவ வயித்துப் புள்ளைய கோயிலுக்குக் கூப்ட்டா செல்லு குடுத்தாதான் வருவேங்குது.”

எல்லாரும் சிரித்தார்கள். மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தலை நிறையப் பூ வைத்தார்கள். நானும் சிரித்தேன். தப்பாகப் புரிந்துகொண்டதில் யாருக்கும் நஷ்டமில்லையே என்று அப்போது நினைத்தேன். அந்தப் பக்கத்துக் கண்களுக்கு அது கும்பிடுவதாகத்தான் தெரியும். தரையைத் தொட்டுக் கன்னத்தில் வைக்கிற பிள்ளையை வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. உச்சிவேளையில் பால்குடம் ஊரைச் சுற்றி வரும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு குட்டிச் சொம்பில் பால் கொடுத்து முன்னால் நடக்க விடுவார்கள். இந்தப் பிள்ளைதான் முதல் சொம்பு தூக்க வேண்டும் என்று ஒருவர் ஆரம்பிக்க, எல்லாரும் ஆமாம் என்றார்கள். வெறுங்காலில், தார் ரோட்டில், உச்சிவெயிலில். நாத்தனார் என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்றார்கள். வெயில் ஒத்துக்கொள்ளாது என்றேன்.

“படிச்ச அம்மா இல்ல? புள்ள கறுத்துப்பூடும்னு பாக்கறாங்க” என்றார் பூக்கட்டுகிறவர்களில் ஒருவர். மற்றவர்கள் வாயை மூடிச் சிரித்தார்கள்.

ஒரு மாலையைத் தொடுத்து முடிக்கும் நேரம் அப்படியே போயிருந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கும். மகள் தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அவர்களிடம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

“நான் சாமி கும்பிடலையே. சூடுதான் பாத்தேன். என் காலுக்கு இன்னும் சூடு தெரியாது. பல்லு விழுந்துட்டுத் திரும்ப மொளைக்குதில்ல, அதுமாதிரி அதுவும் வரும். வந்ததுக்கப்புறம் நான் சொம்பு தூக்கறேன்.”

வாயைத் திறந்து, அப்போது பாதி முளைத்திருந்த கீழ்ப்பல்லைக் காட்டினாள். அவளுடைய கணக்கில் அது ஆதாரம்.

கறுத்துவிடும் என்று கேலி செய்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் இப்படி ஒரு பல் கதை வைத்திருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் பதில் சொல்லாமல் விட்ட இடத்தில் அவளே ஒரு பதிலைச் செய்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மூத்தவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார். “பொறந்ததுலேர்ந்தா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“அப்போ நெருப்பே சுடாத காலு. அம்மன் குடுத்த காலு இது. வர்ற வருசம் தீ மிதிக்க வுடுங்க.”

அவர் கேலி செய்யவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னார். எனக்கும் அம்மன் மேல் நம்பிக்கை உண்டு. என் அம்மா வீட்டில் தீ மிதித்தவர்கள் இருக்கிறார்கள். கனலின் மேல் படிந்த சாம்பல் வெப்பத்தை மெதுவாகத்தான் தருகிறது, அதற்குள் கால் எழுந்து அடுத்த அடி போய்விடுகிறது. எழுவதற்குக் கால் தயாராக இருக்க வேண்டும். இதையெல்லாம் அங்கே யாரிடம் சொல்வது? என் மகளின் காலையும் நெருப்பு சுடும், மற்ற எல்லார் காலையும் சுடுவது போலவே சுடும், அவளுக்குத்தான் தெரியாது. இந்த ஒரு வரியைச் சொல்ல வாயைத் திறந்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டேன்.

நாத்தனார் எழுந்து மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார். ஆறு வயதுப் பெண், நல்ல கனம். செருப்பைத் தேடக்கூட நிற்காமல் தார் ரோட்டில் இறங்கி நடந்தார். கால் சுடச்சுட, முந்திரி மர நிழல் ஒன்றிலிருந்து அடுத்த நிழலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். நான் மூன்று பேரின் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். “அத்தை, உங்களுக்குச் சுடுதா?” என்று மகள் கேட்டது எனக்குக் கேட்டது. “சுடுதுடி கண்ணு” என்றார் அவர்.

வீட்டில் மகளை உட்கார வைத்து, அவள் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் பாதங்கள் சிவந்து கிடந்ததைக் கவனிக்கவில்லை. ஊரெல்லாம் தெரிந்துவிட்டதற்காக என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மகள் வெளியே கோழிக்குஞ்சு பார்க்கப் போனதும் சொன்னார்.

“ஊருக்குச் சொல்லாதன்னு நான்தான் சொன்னேன். அவகிட்டயே சொல்லாதன்னா சொன்னேன்?”

அண்ணி, குழந்தை தாங்குவாளா என்று கேட்டேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். சோற்றைப் போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் தீமிதிக்கு நாங்கள் போகவில்லை. உறுமி மேளமும் கூட்டத்தின் சத்தமும் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தன.

நெய்வேலிக்குத் திரும்பிய பிறகு மகளின் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்சம் பொறு என்கிறார். அவளுக்கு எட்டு, ஒன்பது வயதாகட்டும், தானாகவே புரிந்துகொள்வாள், நாம் ஏன் இப்போதே அவள் நம்பிக்கையைப் பிடுங்க வேண்டும் என்கிறார். டாக்டரிடம் கேட்டேன். அவசரப்படுத்தவும் வேண்டாம், பொய் சொல்லவும் வேண்டாம் என்றார். நல்ல வார்த்தைதான். வீட்டுக்கு வந்து யோசித்தால் இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சில நாள் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்வேன். பள்ளிவிட்டு அவள் பையை ஆட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் நாளைக்கு என்று தள்ளிவிடுவேன். மறுநாள், தள்ளியது நல்லதா கெட்டதா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் ஒரு விடுமுறை நாள். மதியம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அவள் சத்தமே இல்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். கல்லின் அந்தப் பாதி சுவரின் நிழலில் இருந்தது. பாதங்கள் இரண்டும் வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரையில் இருந்தன. கண்ணை இறுக மூடியிருந்தாள். இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். குழாயைத் திறந்து, முதல் தண்ணீர் போகட்டும் என்று காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு பாதங்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிவந்திருந்தன, கொப்புளம் வரவில்லை. என்ன செய்தாய் என்று கேட்டேன்.

“ப்ராக்டிஸ்” என்றாள். “கையால தொட்டுப் பாக்கல. அப்புறம் ஏமாத்துன மாதிரி ஆயிடும்ல?”

அன்றைக்கு முதல்முறையா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத் தெரியாமல் எத்தனை மதியம் அங்கே உட்கார்ந்தாளோ. அடுத்த தடவை டாக்டர் கண்ணைக் கட்டினாலும் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று பாதங்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். திரும்பத் திரும்பச் செய்தால் எதுவும் வந்துவிடும், வாய்ப்பாடு வந்தது போல, சைக்கிள் வந்தது போல என்று சொல்லிக் கொடுத்தவளும் நான்தான்.

அந்த நேரத்தில்கூட நான் சொல்லவில்லை. வெயிலில் உட்காராதே என்று மட்டும் சொன்னேன். அது அவளைத் தடுக்காது. பின்கதவைப் பூட்டி வைக்கிறேன். ஆனால் பள்ளியில் சிமெண்ட் தரை இருக்கிறது, பார்க்கில் தகடு இருக்கிறது, பஸ் இருக்கிறது. நம்பிக்கையோடு இருக்கட்டும் என்று அவள் அப்பா சொல்கிறார். அந்த நம்பிக்கைதான் இப்போது அவள் காலைச் சுடுகிறது. இனி எட்டு வயதுவரை காத்திருக்க முடியாது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. எனக்குத் தெளிவாகத் தெரிவது இது ஒன்றுதான்.

பொங்கல் கழிந்து டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும். அதற்கு முன்பு அவளை உட்கார வைத்துப் பேச வேண்டும். இதைப் படிப்பவர்களில் என் மகளைப் போலப் பிறந்து வளர்ந்தவர்கள் யாராவது இருப்பீர்கள். அப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்தவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு யார் சொன்னார்கள்? எந்த வயதில்? கேட்ட அன்றைக்கு அழுதீர்களா, கோபப்பட்டீர்களா, சொன்னவரோடு பேசாமல் இருந்தீர்களா? முன்பே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியதா, இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாமே என்று தோன்றியதா? அம்மா சொல்வது நல்லதா, அப்பாவும் கூட இருக்க வேண்டுமா, டாக்டரையே சொல்லச் சொல்வதா? எல்லாவற்றுக்கும் பதில் எழுத நேரம் இல்லாவிட்டால் பரவாயில்லை. நான் அவளிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் எது என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.